துயரச் செய்தியும் சொல்லும் முறையும்

இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962 இல் கண்டிக்கு அண்மையில், பேராதனையில் தோன்றிற்று. நோயறியும் வித்தையைப் போன்றே, புற்றுநோயுற்ற குழந்தையின் பெற்றோருக்கு அதனை எடுத்துரைக்கும் வித்தையும் வைத்தியர்க்குக் கற்பிக்கத்தக்கதே என்பது நம் துணிபு.

இதற்கென 2000 ஆம் ஆண்டில் பெயில், பக்மன் முதலிய வைத்தியர்கள் வெளியிட்ட ஆறுபடி முறை ஒன்றுண்டு. தனியிடத்தில் அமர்தல் முதற்படி. கேட்போர் முன்னரே அறிந்திருப்பது யாதெனக் கேட்டறிதல் அடுத்தது. இவ்விரண்டாம் படியே நமக்குத் தலையாயதாகத் தோன்றுகின்றது. மாணாக்கன் அறிந்ததை அறியாது பாடந் தொடங்கும் ஆசிரியன் படும் பாட்டை நாம் அறிவோமன்றோ!

குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கும். ஆயினும், பெரும்பாலும் முதல் மாதத்திலேயே நோய்க்குறிகள் மறைந்துவிடும். 'நோய் அடங்கிற்று' என்பதைத் தோட்டத்துத் தாயொருத்தி 'நோய் தீர்ந்தது' எனக் கொண்டு சிகிச்சையை நிறுத்திவிடின், அது பெரும்பாலும் மீண்டு வரும். பிள்ளையின் உயிருக்கே இடர் நேரும். அடங்குதல் வேறு, தீர்தல் வேறு. வைத்தியர் சிங்களத்திலும் தாய் தமிழிலும் பேசுமிடத்து இவ்வேறுபாடு எளிதில் நழுவும். மொழிபெயர்க்கவென நோயாளியின் சிறு தமையனை அழைப்பது கொடுமை. பயின்ற மொழிபெயர்ப்பாளரே வேண்டும்.

"விளங்கிற்றா?" என வினவுவதாற் பயனில்லை, மரியாதை கருதி எவரும் "ஆமாங்க ஐயா" என்றே விடையிறுப்பர். "வீட்டிலிருக்கும் பாட்டிக்கு இதனை எவ்வாறு சொல்வீர்கள், அம்மா?" எனக் கேட்டு, விடை வரும்வரை வைத்தியர் காத்திருத்தல் வேண்டும்.