பலர் கூடித் தந்த முதல்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் வணிகவியல் கற்பித்தவன் நான். முதல் என்றால் என்ன, கடன் என்றால் என்ன, ஐந்தொகையில் எதை எந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியே என் காலம் கழிந்தது. ஆனால் ஒரு கடையின் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்காரும் பேறு ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குக் கிட்டியது. அதுவும் என்ன கடை என்கிறீர்கள்? சாண்ட்விச் கடை!

என் தமக்கையின் மகள் புதுக்கோட்டையில் மனையியல் படித்துப் பட்டம் பெற்றவள். கல்லூரிக்கு அருகில் சிறிய அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, பம்பாய்த் தெருக்களில் செய்வது போலப் புதினாத் துவையலும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வெள்ளரிக்காயும் பீட்ரூட்டும் வைத்துச் சாண்ட்விச் செய்து விற்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இட்லியும் தோசையும் மலிந்த ஊரில் இது விலை போகுமா என்று நான் ஐயுற்றேன். "மாமா, மணி அடித்து மணி அடிப்பதற்குள் பத்து நிமிஷம் இருக்கிறது. கையில் பிடித்துக்கொண்டே தின்னக்கூடியது எது, சொல்லுங்கள்" என்றாள்.

அவள் சொன்னதில் பொருள் இருந்தது. இந்தப் பண்டத்துக்குத் தம் பட்டப் பெயரை அளித்த ஜான் மான்டேகு என்ற ஆங்கிலேயப் பிரபு, சூதாட்ட மேசையை விட்டு எழுந்திருக்க மனமின்றி ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சியை வைத்து உண்டார் என்பது பழைய கதை. அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஒருவரோ, கடற்படை அலுவல்களில் மூழ்கியிருந்தவர் அவர், எழுதும் மேசையில் இருந்துகொண்டே உண்டிருக்கக்கூடும் என்று கருதுகிறார். 1762ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் கிப்பன் என்னும் சரித்திர ஆசிரியர் தம் நாட்குறிப்பில் இப்பண்டத்தின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார். சூதாடியாக இருந்தாலும் அலுவலராக இருந்தாலும், நேரமில்லாதவனுடைய உணவு இது என்பதில் ஐயமில்லை.

கடைக்கு வேண்டிய பணம் எவ்வளவு? அவள் கணக்கெடுத்தாள். அறைக்கு முன்பணம் 30,000 ரூபாய். ரொட்டி வாட்டும் அடுப்புக் கருவி 12,000. மேசை, கத்தி, பாத்திரங்கள் 9,000. பழைய குளிர்சாதனப் பெட்டி 11,000. பெயர்ப் பலகை முதலியவற்றுக்கு 4,000. முதல் சரக்கு 6,000. எதிர்பாராத செலவுக்கு 3,000. ஆக 75,000 ரூபாய். கடன் வாங்கலாம் என்றால், கடன் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் தந்தையின் முகம் மாறிவிடும். ஒரு காலத்தில் வட்டிக்கு வாங்கி, நிலத்தை விற்று அடைத்தவர் அவர். "என் மகள் இன்னொருவருக்குக் கடன்பட்டாள் என்று ஊர் சொல்லக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி ஆகிய பகுதிகளில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து நடைபெறும். கலியாணமோ காதுகுத்தோ இல்லை. பணம் திரட்டுவதற்கென்றே விருந்து. சிலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். யார் எவ்வளவு மொய் செய்தார் என்பது நோட்டில் ஏறும். அவர் விருந்து வைக்கும்போது, அவர் செய்த தொகையோடு கூடுதலாகவும் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். இந்தப் பணத்தைக் கொண்டு தொழில் தொடங்கியவர்கள் பலர். ஆனால் இதிலும் திருப்பித் தரும் பொறுப்பு உண்டு. அதனால் என் மைத்துனர் இதற்கும் இசையவில்லை.

அப்பொழுதுதான் அவள் 'க்ரவுட் பண்டிங்' என்ற பேச்சை எடுத்தாள். பலர் கூடிச் சிறு சிறு தொகையாக நிதி தருவது என்று நாம் சொல்லலாம். பெயர் புதியது, செயல் பழையது. நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவியின் சிலை நிற்கிறதே, அதன் பீடத்தைக் கட்டி முடிக்கப் பணமில்லாமல் வேலை நின்றுபோயிற்று. 1885ஆம் ஆண்டில் ஜோசப் புலிட்சர் தம் பத்திரிகையில் மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். கொடுப்பவர் எவராயினும், எவ்வளவு சிறிய தொகையாயினும், பெயரைப் பத்திரிகையில் அச்சிடுவதாக வாக்களித்தார். ஐந்தே மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1976ஆம் ஆண்டில் ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' என்ற இந்தித் திரைப்படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் கொடுத்து முதல் போட்டார்கள்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ஆம் ஆண்டில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியையும் சிலர் இதனோடு சேர்த்துப் பேசுவார்கள். அதன் முதல் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆனால் அது வேறு வகை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அங்கே பணம் கொடுத்தவர் கம்பெனியின் உடைமையில் பங்குடையவர் ஆகிறார். புலிட்சரிடம் கொடுத்தவருக்குச் சிலையில் ஒரு கல்லும் சொந்தமில்லை. இந்த வேறுபாடு சட்டத்தில் பெரிது. பொதுமக்களைப் பங்கு வாங்க அழைப்பது சட்ட முறைப்படி கம்பெனிகள் செய்ய வேண்டிய காரியம். தெருமுனைக் கடைக்காரர் செய்யக் கூடியதன்று. வட்டி தருகிறேன் என்று ஊராரிடம் வைப்புத்தொகை வாங்குவதோ இன்னும் ஆபத்து. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்ய 2019ஆம் ஆண்டில் ஒரு சட்டமே வந்திருக்கிறது. தரவிருக்கும் சரக்குக்கு வியாபாரத்தில் முன்பணம் வாங்குவதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆகவே அந்த வழியையே நாங்கள் மேற்கொண்டோம். இன்று பணம் கொடுப்பவருக்குப் பின்னர் சாண்ட்விச் தருவது.

அவள் போட்ட திட்டம் இது. ஒருவர் 500 ரூபாய் கொடுத்தால் அவருக்கு 12 சாண்ட்விச் பெறுவதற்கான சீட்டுகள். ஒன்றின் விலை 50 ரூபாய். 150 பேர் சேர்ந்தால் 75,000 வந்துவிடும். நோட்டில் 'வரவு 75,000' என்று பெரிதாக எழுதி அடியில் கோடும் கிழித்திருந்தாள். நான் என் பழைய தொழிலைக் காட்டினேன். எதிர்ப் பக்கத்தில், 'கொடுக்க வேண்டியது: 1,800 சாண்ட்விச்' என்று எழுதினேன்.

அவள் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண்ட்விச்சுக்குச் சரக்குச் செலவு மட்டும் 24 ரூபாய். 1,800க்கு 43,200 ரூபாய். கையில் வந்த பணமோ அடுப்பாகவும் மேசையாகவும் முன்பணமாகவும் மாறிப் போயிருக்கும். அப்படியானால் இந்த 43,200 எங்கிருந்து வரும்? ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர்களிடமிருந்துதான் வர வேண்டும். ஆகவே 12 என்பதை 10 ஆக்கினோம். ஒருவர் வாரத்துக்கு ஒரு சீட்டுத்தான் கொடுக்கலாம் என்றும் வரம்பு வைத்தோம். வாரத்துக்கு ஆறு நாள் கடை. அப்படியானால் நாளொன்றுக்குச் சீட்டுக்காரர் 25 பேர். அவர்களுக்குச் சரக்குச் செலவு 600 ரூபாய். வாடகையில் ஒரு நாள் பங்கு 192. எரிவாயுவும் உதவியாளின் கூலியும் 450. ஆக 1,242 ரூபாய். ரொக்கத்துக்கு விற்கும் ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது 26 ரூபாய். வகுத்துப் பாருங்கள். நாள்தோறும் 48 சாண்ட்விச் ரொக்கத்துக்கு விற்றால்தான் கடை தள்ளாடாமல் நிற்கும். அவளுக்கென்று ஒரு காசு வேண்டுமானால் அது 49ஆவதிலிருந்துதான் தொடங்கும்.

இத்தகைய நிதி திரட்டலுக்கென்றே இணையத்தில் நிலையங்கள் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய 'கிக்ஸ்டார்ட்டர்' அவற்றுள் பெயர் பெற்றது. குறித்த நாளுக்குள் குறித்த தொகை முழுவதும் சேர வேண்டும். சேராவிட்டால் ஒருவரிடமும் பணம் பெறுவதில்லை என்பது அதன் விதி. சேர்ந்தால் நூற்றுக்கு ஐந்து அதன் கட்டணம். பணம் கைமாற்றும் கட்டணம் வேறு. அறைகுறையாகச் சேர்ந்த பணத்தைக் கொண்டு அறைகுறையாகத் தொடங்கப்படும் தொழில் எல்லோர் பணத்தையும் விழுங்கிவிடும் அல்லவா? அந்த விதியின் நியாயம் அதுதான். நாங்கள் இணைய நிலையத்தை நாடாமல் தெரிந்தவர்களிடமும் அவர்களுக்குத் தெரிந்தவர்களிடமும் நேரே கேட்டோம். ஆனால் விதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். நாற்பது நாளுக்குள் 150 பேர் சேராவிட்டால் பணம் திரும்ப வரும் என்று அச்சடித்தே கொடுத்தோம்.

நாற்பதாம் நாள் இரவு எண்ணிப் பார்த்தால் 131 பேர். 65,500 ரூபாய். குறைவது 9,500.

"மாமா, அந்த 9,500ஐ நீங்கள் போட்டுவிடுங்கள். பத்தொன்பது பெயர்களை நான் எழுதிக்கொள்கிறேன். யாருக்குத் தெரியப் போகிறது?" என்றாள். எனக்கு அந்தத் தொகை பெரிதன்று. அவள் கண்களைப் பார்த்தால் 'சரி' என்று சொல்லத்தான் தோன்றியது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 150 பேர் விரும்பினார்கள் என்ற செய்தியை நம்பித்தானே மற்றவர்கள் தங்கள் பணத்தை விட்டுவைக்கிறார்கள்? அது பொய்யானால், கடையின் முதல் கணக்கே பொய்க் கணக்கு. காலையில் முடியாது என்று சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளே 131 பேருக்கும் எழுதினாள். 19 பேர் குறைகிறார்கள், இன்னும் இருபது நாள் பொறுப்பீர்களா, அல்லது பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டாள். நான்கு பேர் திருப்பிக் கேட்டார்கள், அன்றே கொடுத்துவிட்டாள். 127 பேர் நின்றார்கள். அந்தக் கடிதத்தைத் தங்கள் நண்பர்களுக்குக் காட்டியவர்களும் உண்டு போலும். இருபது நாளில் 26 பேர் புதிதாக வந்தார்கள். ஆக 153 பேர், 76,500 ரூபாய். என் 500 ரூபாயும் அதில் ஒன்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கடை ஐந்து வாரம் தாமதித்துத்தான் திறந்தது. அறை தருவதாகச் சொன்னவர் பின்வாங்க, வேறு அறை தேட வேண்டியதாயிற்று. ஈதன் மாலிக் என்ற அறிஞர் கிக்ஸ்டார்ட்டர் முயற்சிகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையில், வாக்களித்த பொருளைத் தந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்டோர் காலம் தாழ்த்தியே தந்தார்கள் என்று கண்டிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டினோம். அந்தப் பதிவெண் வந்த பிறகே அடுப்பை மூட்டினோம்.

என் அறிவுரையால் விளைந்த நஷ்டம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. சனிக்கிழமை மிஞ்சிய ரொட்டியைக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னேன். திங்களன்று எடுத்தால் அட்டை போல இருந்தது. வெந்த மாவிலுள்ள மாவுச்சத்து ஆறும்போது மறுபடியும் இறுகத் தொடங்குகிறது. குளிர்ப்பெட்டியின் குளிரில் அந்த இறுக்கம் இன்னும் விரைவாக நிகழ்கிறது. பூசணம் தாமதமாகும், ஆனால் மென்மை போய்விடும். துவையலும் வேகவைத்த கிழங்கும் குளிரில் இருக்க வேண்டும், ரொட்டி வெளியே இருக்க வேண்டும். மனையியல் படித்தவளைக் கேட்காமல் வணிகவியல் படித்தவன் சொன்னதன் பலன் இது.

இரண்டாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. வாரத்துக்கு ஒன்று என்று வரம்பு வைத்தோமே தவிர, எந்த நாளில் வர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அன்று ஒரே நாளில் 68 பேர் சீட்டோடு வந்து நின்றார்கள். வரிசையைக் கண்டு ரொக்கக்காரர்கள் திரும்பிப் போனார்கள். ரொக்கத்துக்கு விற்றது 11. மாலையில் கல்லாவில் இருந்தது 550 ரூபாய். அன்றைய சரக்குக்குப் போனது அதைப் போல மூன்று பங்குக்கு மேல். கதவைச் சாத்திவிட்டு அழுதாள். அவள் தந்தை கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. கடன் வேண்டாம் என்று சொன்னவருக்கு, இதுவும் கடன்தான் என்று அப்பொழுது புரிந்திருக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து வந்து, ஒன்றும் பேசாமல் வெங்காயக் கூடையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறமாகச் சீட்டுகளை மாற்றிக் கொடுத்தோம். முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் நாளுக்கு 25, 26 என்று கணக்குச் சீராயிற்று. ரொக்கம் 48ஐத் தொட ஏழு வாரம் பிடித்தது. அதுவரை எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கிய தொகையும், மிகுந்து வந்த 1,500 ரூபாயும், வீட்டிலிருந்து வந்த வெங்காயமும் தக்காளியும் தாங்கின.

இப்பொழுது கடை நடக்கிறது. மொத்தம் 1,530 சீட்டுகளில் 31 திரும்பி வரவில்லை. தொலைந்திருக்கும், ஊர் மாறிப் போயிருப்பார்கள். அதை லாபத்தில் சேர்த்துவிடலாமே என்று நானே சொல்லிப் பார்த்தேன். அவள் இசையவில்லை. ஐந்தொகையின் இடப் பக்கத்தில் அந்த 31ஐ நிறுத்தி வைத்திருந்தாள். சென்ற வாரம் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், மடிந்து நைந்த மஞ்சள் சீட்டு ஒன்றை நீட்டினார். மஞ்சள் நிறம் வியாழனுக்கு உரியது, அன்று வெள்ளிக்கிழமை. அவள் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியை வாட்டிக் கொடுத்துவிட்டு, நோட்டை எடுத்து 30 என்று திருத்தினாள்.