வட்டார வரலாறு காத்த வரேந்திர ஆய்வுக் கழகம்

ஒரு நாட்டின் வரலாறு அரண்மனைகளில் மட்டும் அடங்கி இருப்பதன்று. குளக்கரையில் கவிழ்ந்து கிடக்கும் சிலையிலும், பள்ளிவாசல் சுவரில் பதிந்த அரபுக் கல்வெட்டிலும், ஏர் முனையில் தட்டுப்படும் செப்பேட்டிலும் அது உறைந்து கிடக்கிறது. அவற்றைத் தேடிக் காக்கும் பணியை அரசு மட்டுமே செய்து முடித்தல் இயலாது. அந்தந்த வட்டாரத்து மக்களும் அதில் ஈடுபடுதல் வேண்டும். அவ்வாறு ஈடுபட்டோர் ஆற்றிய பணிக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு, இன்றைய வங்காளதேசத்தின் இராஜசாகி நகரில் 1910ஆம் ஆண்டு தோன்றிய வரேந்திர ஆய்வுக் கழகமாகும்.

தோற்றம்

வரேந்திரம் என்பது வட வங்காளப் பகுதியின் பழம்பெயர். திகாபதியா அரச குடும்பத்தைச் சேர்ந்த சரத்குமார் ராய், வழக்கறிஞர் அட்சயகுமார் மைத்ரேயர், பள்ளி ஆசிரியர் ரமாபிரசாத் சந்தா ஆகிய மூவரும் கூடி இக்கழகத்தை நிறுவினர். அவர்கள் ஊர் ஊராகச் சென்று, கேட்பாரற்றுக் கிடந்த பழம்பொருள்களைத் திரட்டினர். முதற்பயணத்திலேயே 32 அரும்பொருள்கள் கிடைத்தன.

நேர்ந்த சோதனை

கழகம் தோன்றிய மறு ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. 1911இல் கல்கத்தாவிலிருந்த இந்திய அருங்காட்சியகம் இத்தொகுப்பைத் தன்பால் எடுத்துக்கொள்ள முயன்றது. தலைநகரில் பாதுகாப்பும் அறிஞர் கூட்டமும் உண்டு என்பது உண்மையே. ஆயினும், கிடைத்த இடத்தை விட்டு வெகுதொலைவு பெயர்க்கப்பட்ட கல், தன் கதையில் பாதியை இழந்துவிடுகிறது. அது எந்த மேட்டில் கிடந்தது, அவ்வூரார் அதனை என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பனவற்றை அருகில் வாழ்வோரே அறிவர். தம் முன்னோர் சுவடுகளைக் காணும் வாய்ப்பும் அவ்வட்டாரத்து இளைஞருக்கு இல்லாமற் போகும்.

அப்போது இராஜசாகிக் கோட்ட ஆணையராயிருந்த மோனகன் கழகத்தின் சார்பில் பரிந்துரைத்தார். வங்க ஆளுநர் கார்மைக்கேல் பிரபு 1912இல் நேரில் வந்து தொகுப்பைக் கண்டு வியந்தார். அதன் பயனாக, உள்ளூர் அருங்காட்சியகங்கள் பழம்பொருள்களைத் திரட்டிக் காத்துக் காட்சிப்படுத்தலாம் என 1913 பிப்ரவரி 14ஆம் நாள் அரசாணை வெளிவந்தது. ஒரு சிற்றமைப்பின் உறுதி, மற்ற ஊர்களுக்கும் வழி திறந்தது எனலாம்.

ஆற்றிய பணிகள்

1916இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கழகத்தின் அருங்காட்சியகம் 1919இல் திறக்கப்பட்டது. சேர்த்து வைத்தலோடு கழகம் நின்றுவிடவில்லை. 1912ஆம் ஆண்டிலேயே சந்தாவின் ‘கௌட ராஜமாலா’, மைத்ரேயரின் ‘கௌட லேகமாலா’ ஆகிய நூல்களை வெளியிட்டது. 1923இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பகார்ப்பூரில் அகழாய்வைத் தொடங்கியது; அதற்குப் பொருளுதவி செய்தவர் சரத்குமார் ராய். அங்கு வெளிப்பட்ட சோமபுரப் பௌத்த மாவிகாரம் 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப்பின் கழகம் நலிவுற்றது. அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி சில ஆண்டுகள் மருத்துவப் பள்ளிக்குப் பயன்பட்டது. அந்நிலையிலும் 1960இல், வங்கத்தின் அரபு, பாரசீகக் கல்வெட்டுகளைத் தொகுத்துச் சம்சுத்தீன் அகமது எழுதிய நூலை அருங்காட்சியகம் வெளியிட்டது. 1964இல் அருங்காட்சியகம் இராஜசாகிப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. பௌத்தச் சிலையும் இந்துச் சிற்பமும் இசுலாமியர் காலக் கல்வெட்டும் அங்கு ஒரே கூரையின்கீழ்க் காக்கப்படுகின்றன. வட்டார வரலாறு எச்சமயத்தாரும் சேர்ந்து காக்க வேண்டிய பொதுச்சொத்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் கடன்

மூவர் கூடித் தொடங்கிய பணி இது. மாணவர்கள் தம் ஊருக்குச் செல்லும்போது அடக்கத்தலத்து மீசான் கற்களையும், வீட்டுப் பேழைகளில் உறங்கும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளையும் நோக்குதல் வேண்டும். எப்பொருளையும் இடம்பெயர்த்தல் தகாது. இருக்குமிடத்தைக் குறித்து, படமெடுத்து, ஆசிரியர்க்கு அறிவித்தல் போதுமானது. பெரியோர் தம் நினைவிலுள்ள செய்திகளை இளையோர்க்குச் சொல்லி எழுதச் செய்தல் வேண்டும். மழையும் கறையானும் நமக்காகக் காத்திருப்பதில்லை.