நெட் எங்கே தேங்குகிறது?

பெருமாநல்லூர் பனியன் கம்பெனிகளில் நெட் படுத்தால் சரக்கும் படுத்துவிடும். ஈ-வே பில் எடுக்காமல் லாரியை வெளியே அனுப்ப முடியாது. இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது" என்பார். யார் பக்கம் கோளாறு என்று நாமே பார்த்துச் சொல்ல ஓர் இலவசக் கருவி உண்டு: எம்டிஆர். 1997-ல் மேட் கிம்பல் எழுதியது.

நம் கணினியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் எண் இருக்கும். வழியிலுள்ள ரவுட்டர் ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானதும் பாக்கெட்டை அங்கேயே கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழிதவறிய பாக்கெட் ஓயாமல் சுற்றக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. எம்டிஆர் அந்த எண்ணை வேண்டுமென்றே 1, 2, 3 என்று வைத்து அனுப்பும்போது, ரவுட்டர்கள் வரிசையாகத் தம் முகவரியைச் சொல்லிவிடுகின்றன! நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று யூனிட் யூனிட்டாகக் கேட்டு, துணி எங்கே தேங்கியது என்று பிடிப்பதைப் போலத்தான்.

உபுண்டு கணினியில் டெர்மினலைத் திறந்து 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் எம்டிஆர்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒரு வரி அடித்தால் போதும். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அது இயல்புதான். விண்டோஸில் 'பாத்பிங்' கூடவே வருகிறது. வின்எம்டிஆரைத் தனியாக இறக்கிக்கொள்ளலாம்.

ரவுட்டருக்கு ஒரு வரியாக எம்டிஆர் காட்டும் பட்டியலைப் படித்துப் பார்ப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதல் வரி பெரும்பாலும் நம் ஆபீஸ் ரவுட்டர். அங்கிருந்தே பாக்கெட் இழப்பு தொடங்கிக் கடைசி வரை போனால் வைஃபையையோ கேபிளையோ முதலில் பாருங்கள். நடுவில் ஒரு வரியில் 60 சதவீத இழப்பு, அடுத்த வரிகளிலெல்லாம் பூஜ்யம் என்றால் யாரையும் திட்ட வேண்டாம். அந்த ரவுட்டர் நமக்குப் பதில் சொல்வதைத்தான் குறைத்துக்கொள்கிறது. பாக்கெட்டுகளை ஒழுங்காகவே கடத்துகிறது. ஓரிடத்தில் தொடங்கிய இழப்பு கடைசி வரி வரை நீடித்தால் அந்த இடத்தைச் சந்தேகிக்கலாம்.

தாமதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,200 கி.மீ.; போய்வரவே 32 மில்லிசெகண்ட் ஆகும். சிங்கப்பூர் சர்வர் 50 காட்டினால் அது குறையே அல்ல. பக்கத்து ஊர் சர்வர் 200 காட்டினால் விடாதீர்கள்.

புகார் சொல்லும்போது 100 சுற்று ஓட்டிய அறிக்கையைச் சேர்த்து அனுப்புங்கள். நெட் நன்றாக இருந்த நாளில் எடுத்த அறிக்கை ஒன்றும் கூட இருந்தால், எந்த வரியில் மாறியிருக்கிறது என்று அவர்களே பார்த்துவிடலாம்.