வானொலி அலையால் பறக்கும் விளையாட்டு விமானம்: முதலில் வாங்கத்தக்கது எது?

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், எம்மிடம் பௌதிகவியல் பயிலும் மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். கையிலே ஒரு படம். "சேர், கனடாவில் இருக்கிற மாமா நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். ஒரு பொருள் கேள், கொண்டு வருகிறேன் என்று சொன்னார். இதைக் கேட்கலாமோ?" என்றான்.

படத்திலிருந்தது, இரண்டாம் உலகப் போரிலே பேர்பெற்ற ஸ்பிற்பயர் விமானத்தின் சிறுவடிவம். மின்மோட்டரால் விசிறி சுழல, தரையில் நின்றவாறே வானொலி அலைகளால் செலுத்தத்தக்கது. மாமனாரோ பல ஆண்டுக்கு ஒருமுறை வருபவர். கொண்டுவந்த பொருள் முதல்நாளே உடைந்துபோனால், மறுமுறை கேட்க அந்தப் பிள்ளைக்கு நா எழாது.

படத்தைக் கண்டதும் பழைய நினைவொன்று எம்மைச் சுட்டது. 2016 ஆம் ஆண்டிலே எமது மகனுக்கென்று இதே வடிவத்து விமானமொன்றைக் கொழும்பிலே ஒரு கடையில் வாங்கினோம். கடைக்காரர் அதன் அழகைப் புகழ்ந்தார். நாமும் அழகையே கண்டோம். விஞ்ஞானம் கற்பிக்கும் எமக்கு இதுவோ பெரிது என்ற செருக்கும் சிறிது இருந்தமையை மறைப்பானேன்? அறுவடை முடிந்த வயலிலே நாம் கையால் எறிய, மகன் செலுத்தினான். விமானம் எழுந்தது, இடப்புறம் சரிந்தது, வரப்பிலே மூக்குக் குப்புற வீழ்ந்தது. எண்ணிப் பத்து விநாடி. மகன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஓர் உரப்பையிலே போட்டுக்கொண்டு எமக்கு முன்னே நடந்தான். "என்னிலேதான் பிழை, அப்பா" என்றான். பிழை அவனிலே இல்லை என்பதை நாம் அறிந்தது பின்னர். அதற்குள் அவனுக்கு அந்த ஆசையே விட்டுப்போயிற்று.

பிழை எங்கேயிருந்தது? விமானத்தின் நிறையைச் சிறகின் பரப்பினால் வகுத்துப் பாருங்கள். அந்த ஈவு மிகுந்தால், விமானம் வீழாதிருக்க மிகுந்த வேகம் வேண்டும். சிறகு மாறாது நிறை மட்டும் இருமடங்காயின், வேண்டப்படும் குறைந்த வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். நிறையும் இருமடங்கு, வேகத்தின் வர்க்கமும் இருமடங்கு. ஆகவே மண்ணிலே மோதும்போது உள்ள சக்தி நான்கு மடங்கு! போர்விமானங்களின் சிறுவடிவங்களுக்குப் பெரும்பாலும் சிறகு சிறிது, பாரம் பெரிது. அவை விரைந்து பறக்கும். சற்றுத் தாமதித்தால் ஒருபுறம் கவிழ்ந்து வீழும். பழகாத கை சிந்தித்து முடிக்குமுன் காரியம் முடிந்துவிடும்.

ஆதலால் முதல் விமானம் கண்ணுக்கு உகந்ததாக இருத்தலிலும், கைக்கு உகந்ததாக இருத்தலே வேண்டும். அழகிலே அது சற்றுக் குறைந்ததுதான். சிறகு உடலின்மேலே அமைந்திருக்கும். இரு சிறகுகளும் நுனியிலே மேல்நோக்கி உயர்ந்து, விரித்து வைத்த புத்தகம்போலத் தோன்றும். அந்த அமைப்பு வீணன்று. ஒருபுறம் சரிந்தால் விமானம் அப்பக்கமாக வழுக்கும். அப்போது தாழ்ந்த சிறகைக் காற்றுக் கூடிய கோணத்திலே தாக்கி உயர்த்தும். செலுத்துபவன் திகைத்துக் கையை எடுத்துவிட்டாலும், போதிய உயரம் இருக்குமாயின், விமானம் தானே நிமிரப் பார்க்கும். தைமாதத்திலே பட்டம் விடும் எமது பிள்ளைகளுக்கு இதை விளங்கவைத்தல் எளிது. முச்சை செவ்வையாகக் கட்டிய பட்டம் தானே நிற்கும்; பிழைத்த முச்சைக்கு எத்துணை கெட்டிக்காரன் நூல் பிடித்தாலும் குத்துக்கரணந்தான்.

விசிறி எங்கே இருக்கிறதென்பதும் கவனிக்கத்தக்கது. ஜெர்மனியில் மல்ற்றிபிளெக்ஸ் என்னும் நிறுவனம் வெளியிட்ட 'ஈசிஸ்டார்' என்ற விமானம் இத்துறையிலே பெயர்பெற்றது. ஏறத்தாழ 137 சென்றிமீற்றர் அகலச் சிறகு; விசிறி மூக்கிலே இராது, சிறகின் பின்னே மேலே இருக்கும். மூக்குக் குப்புற வீழ்ந்தாலும் நசுங்குவது நுரைப்பொருளே. விசிறியும் மோட்டரும் பிழைத்துக்கொள்ளும். அந்த நுரைப்பொருளும் பெட்டிகளுக்குள் வரும் எமது ரெஜிபோம் போன்றதன்று, வளைந்து கொடுப்பது. ரெஜிபோமைச் சாதாரண சுப்பர் குளூ கரைத்துவிடும். இதையோ அதனாலேயே ஒட்டலாம். இரவு ஒட்டி மறுநாட் காலையிலே பறக்கவிடக்கூடிய விமானமே பழகுபவனுக்கு நல்லாசிரியன் என்பது எமது துணிபு.

மோட்டரின் வேகம், வாலின் கிடைச்செட்டை, சுக்கான் ஆகிய மூன்றையும் செலுத்தினாற் போதும். சிறகோரத் தகடுகளையும் அசைக்கும் நான்காவது வழி பின்னர் வரலாம். தன்னைத் தானே சமன்செய்யும் இலத்திரன் கருவி பொருத்திய விமானங்களும் உள. 'அப்பிரண்டிஸ்' என்ற ஒன்றரை மீற்றர்ச் சிறகுடைய விமானம் அத்தகையது. அவற்றை நாம் குறைகூறவில்லை. தனியே பழகுபவனுக்குப் பேருதவி. ஆயினும் அக்கருவியை நாளடைவில் நிறுத்திப் பழகாதவன், பிறர் தோளிலே ஏறிக் குளம் நீந்தியவன் ஆவான்.

வானொலிக் கருவியைப் பற்றி அதிகம் கவலையில்லை. முன்னாளிலே ஒரே அலைவரிசையில் இருவர் செலுத்தினால் ஒருவரது விமானம் வீழ்வது நிச்சயம். இந்நாளில் 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் அந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டன. கணினியிலே இணைத்துத் திரையிற் பழகத்தக்க கருவியாயின் மிக நன்று. விமானம் எம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். புதியவர் பலர் வீழ்வது அவ்விடத்திலேதான். அப்போது தாழ்ந்திருக்கும் சிறகின் பக்கமே கோலைத் தள்ளுக. இதைத் திரையிலே நூறுமுறை வீழ்ந்து கற்கலாம். செலவு சல்லிக்காசும் இல்லை.

இனிப் பற்றரி. பெற்றோர் கவனமாக வாசிக்கவேண்டிய பகுதி இதுவே. மின்சாரத்தால் இயங்கி வானொலியால் செலுத்தப்பட்ட விமானம் புதுமையன்று. இங்கிலாந்திலே கேணல் ரப்ளின் என்பவர் 1957 ஆம் ஆண்டு யூன் 30 ஆந் திகதியே வெள்ளி-நாகப் பற்றரியால் ஒன்றைப் பறக்கவிட்டார். எனினும் இக்கலை எல்லோர்க்கும் எட்டியது இலேசான லிதியம் பொலிமர்ப் பற்றரி வந்த பின்னரே. அது குணத்திலே அக்கினி. மூன்று கலங்கள் கொண்டது 11.1 வோல்ற்று, ஒவ்வொரு கலமும் நிரம்பினால் 4.2 வோல்ற்று, 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். 2200 மில்லியம்பியர் மணிப் பற்றரியை 2.2 அம்பியரில், ஒவ்வொரு கலத்தையும் சமன்செய்து ஏற்றும் சாதனத்தாலேயே மின்னேற்ற வேண்டும். பழைய நிக்கல் பற்றரியின் சாதனத்தைக் கொடுத்தால் தீப்பற்றலாம். கட்டிலின்மேல் வைத்து ஏற்றுவதும், ஏற்றவிட்டுக் கோயிலுக்குப் போவதும் வேண்டா. உப்பிய பற்றரியிடம் இரக்கம் காட்டலாகாது.

மாமனார் அதை எப்படிக் கொண்டுவருவார் என்று மாணவன் வினவினான். கேட்கவேண்டிய கேள்வி. 11.1 ஐ 2.2 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 24.4 உவாற்று மணி. விமானப் பயணிகளுக்குரிய 100 உவாற்று மணி எல்லைக்கு உட்பட்டது. ஆயினும் தனியான பற்றரியைக் கைப்பையிலேயே கொண்டுவர வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தலாகாது. முனைகள் ஒன்றோடொன்று தொடாவண்ணம் மூடியிருத்தல் வேண்டும்.

மற்றொன்று. 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், ஆளில்லா வானூர்திகள் பறத்தலைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை நிறுத்திவைத்தமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். வாங்குமுன்னரே அச்சபையிடம் எழுதிக் கேட்டு, எங்கே, எவ்வளவு உயரத்தில், என்ன அனுமதியோடு பறக்கவிடலாம் என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். வானொலிக் கருவியைத் தருவித்தல் பற்றித் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவிடம் கேட்டுவைப்பதும் நன்று. பலாலிப் பக்கம் நினைக்கவே வேண்டா.

திருவிழாக் காலமோ சோளகம் வீசுங்காலம். புதியவனின் இலேசான விமானத்தை அக்காற்று வேலி கடந்து கொண்டுபோய்விடும். ஆகவே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மாசி பங்குனி வரையில் திரையிற் பழகுமாறு மாணவனுக்குச் சொன்னோம். அறுவடையான வயல், விடியற்காலை, இலை அசையாத வேளை, அருகே ஓர் ஆள்: முதற்பறப்புக்கு இவை போதும். ஆறு மாதம் பொறுக்கவேண்டுமே என்று அவன் முகம் சிறிது வாடியது. "அதோடு, வடிவாயும் இல்லையே சேர்" என்றான்.

இதைக் கேட்டுக்கொண்டு உள்ளறையில் இருந்த எமது மகன், இப்போது பல்கலைக்கழகத்திற் பயில்பவன், பரணிலே ஏறி எதையோ தேடினான். இறங்கியபோது கையிலே அந்த உரப்பை. இத்தனை ஆண்டாக அதை வைத்திருந்தான் என்பது எமக்குத் தெரியாது. திண்ணையிலே துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, "தம்பி, சிறகு எவ்வளவு சின்னது என்று கையாலே அளந்து பார்" என்றான்.

மாணவன் அளந்து பார்த்தான். பின்பு மாமனாருக்கு அனுப்பவேண்டிய பெயரை எம்மிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டான். ஸ்பிற்பயர்ப் படத்தை அவன் கிழிக்கவில்லை. பௌதிகவியற் புத்தகத்துக்குள்ளே வைத்துக்கொண்டு போனான்.