நத்தையிடம் படித்த மனநல மருத்துவர்

ஒரு வீட்டில் யாருக்காவது மனநோய் என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தில் இரண்டு பேச்சு கிளம்பும். "அவங்க குடும்பத்துலேயே உண்டு, ரத்தத்துல வர்றதை என்ன பண்ண முடியும்?" என்பது ஒன்று. டாக்டர் கவுன்சலிங்குக்கு அனுப்பினால், "வெறும் பேச்சுல நோய் தீருமா?" என்பது இன்னொன்று. இரண்டுமே பிழை. ஏன் பிழை என்பதை மரபணு வரை இறங்கிப் போய் விளக்கியவர் எரிக் கேண்டல். அதற்காக அவர் பல ஆண்டுகள் உட்கார்ந்தது ஒரு கடல் நத்தையின் முன்னால்.

கேண்டல் 1929இல் வியன்னாவில், பொம்மைக் கடை நடத்திய யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938 நவம்பரில், ஒன்பதாவது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், நாஜிகள் அவர்களை வீட்டைவிட்டு விரட்டினார்கள். சில நாள் கழித்துத் திரும்பியபோது விலைமதிப்புள்ள எதுவும் வீட்டில் இல்லை. பிறந்தநாளுக்குக் கிடைத்த நீலநிறப் பொம்மைக் காரும் போயிருந்தது. மறு ஆண்டு குடும்பம் அமெரிக்கா வந்து சேர்ந்தது. நினைவு என்றால் என்ன என்ற கேள்வி தன்னை ஆயுள் முழுக்கப் பிடித்து ஆட்டியதற்கு அந்த வியன்னா நாட்களும் ஒரு காரணம் என்று பிற்காலத்தில் எழுதினார்.

ஹார்வர்டில் அவர் படித்தது வரலாறும் இலக்கியமும். உளப்பகுப்பாய்வாளர் ஆகும் ஆசையில்தான் மருத்துவம் சேர்ந்தார். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டு சொன்ன மனப் பகுதிகள் மூளையில் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் கனவோடு 1955இல் ஹாரி கிரண்ட்ஃபெஸ்ட் என்ற விஞ்ஞானியிடம் போனார். அவர் கொடுத்த அறிவுரை: மூளையை ஒவ்வொரு செல்லாகப் பார்.

பார்த்தார். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியின் செல்கள் மற்ற நரம்புச் செல்களைப் போலத்தான் வேலை செய்தன. அப்படியானால் விஷயம் செல்லில் இல்லை, செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள இணைப்பில் இருக்கிறது. அதைத் தேட எளிய மூளை வேண்டும். கடல் முயல் எனப்படும் அப்ளீசியா என்ற கடல் நத்தைக்குச் சுமார் 20,000 நரம்புச் செல்கள்தான். சில செல்கள் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. நத்தையை வைத்து மனித மனதைப் புரிந்துகொள்ள முடியுமா என்று பலர் தடுத்தார்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் மனநலத் துறைத் தலைவர் பதவியும் தேடி வந்தது. அதை மறுத்துவிட்டு ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்த முடிவை, அவர் வாழ்க்கையின் ஆகத் துணிச்சலான முடிவாக நான் நினைக்கிறேன்.

கடல் முயலின் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாலில் ஒரு மின்அதிர்ச்சி கொடுத்துவிட்டுத் தொட்டால், மிரண்டதுபோல இன்னும் வேகமாக இழுக்கும். ஒரே அதிர்ச்சி என்றால் அந்த மிரட்சி சில நிமிடங்களில் மறையும். இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தால் நாள்கணக்கில் நிற்கும். ஏன் இந்த வேறுபாடு?

முதல் வகையில், செரடோனின் என்ற வேதிப்பொருள் வந்து இணைப்பைத் தற்காலிகமாக முடுக்கிவிடுகிறது. இருக்கும் புரதங்களே வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. இரண்டாவதில், செய்தி செல்லின் உட்கருவுக்குள்ளேயே போகிறது. அங்கே கிரெப் என்ற புரதம் சில மரபணுக்களை எழுப்புகிறது, புதுப் புரதங்கள் உருவாகின்றன, புது இணைப்புகள் முளைக்கின்றன. ஒரு உணர்வு நரம்புச் செல்லில் சுமார் 1,300 ஆக இருந்த இணைப்புகள் 2,700 அளவுக்குப் பெருகியதை எண்ணியே பார்த்தார்கள். நீண்ட கால நினைவு என்பது உடலில் ஏற்படும் மாற்றம். தொடுதலைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழக்குவதிலும் இதே கதைதான்: ஒரே மூச்சில் 40 முறை தொட்டுப் பழக்கியது ஒரு நாளில் கரைந்தது, நாளுக்கு 10 என நான்கு நாள் தொட்டது வாரக்கணக்கில் நின்றது. தேர்வுக்கு முந்தைய இரவில் மொத்தப் பாடத்தையும் விழுங்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

2000இல் ஆர்விட் கார்ல்சன், பால் கிரீன்கார்டு ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் நம் தொடக்கக் கேள்விக்கு விடை, 1998இல் மனநல மருத்துவர்களுக்காக அவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. மரபணுவுக்கு இரண்டு வேலை என்கிறார். ஒன்று, தலைமுறைக்குத் தலைமுறை நகலாகப் போவது. நம் அனுபவம் அதைத் தொட முடியாது. மற்றொன்று, செல்லுக்குள் எந்தப் புரதத்தை எப்போது செய்வது என்பது. இதை ஹார்மோனும் மன அழுத்தமும் கற்றலும் மாற்றுகின்றன. ரத்தத்தில் வந்தது என்பதாலேயே அது மாறாதது ஆகிவிடாது. உளவியல் சிகிச்சை ஒருவரிடம் நிலையான மாற்றத்தைக் கொண்டுவந்தால், அதுவும் கற்றல் வழியாக, மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றி, இணைப்புகளைத் திருத்தித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இதற்குத் துணையாக வேறோர் ஆய்வும் இருந்தது. திரும்பத் திரும்பக் கைகழுவத் தூண்டும் ஓசிடி நோயாளிகளில் சிலருக்கு மருந்தும் சிலருக்கு நடத்தைச் சிகிச்சையும் கொடுத்து, 1992இல் கலிஃபோர்னியாவில் மூளையைப் படம் பிடித்தார்கள். குணம் கண்ட இரு தரப்பாரிடமும் மூளையின் காடேட் பகுதியில் ஒரே வகை மாற்றம் தெரிந்தது.

ஆனால் எல்லாவற்றையும் எப்போதும் திருத்திவிட முடியாது என்பதை, கேண்டல் சுண்டெலிகளில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. ஸ்கிசோஃப்ரீனியா மருந்துகள் தடுப்பது, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் டி2 என்ற ஏற்பியை. அந்த ஏற்பி மூளையின் ஒரு பகுதியில் மட்டும் மிகுதியாக இருக்கும்படி அவருடைய குழுவினர் எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் செயல் நினைவு, அதாவது ஒரு வேலைக்காகச் சிறிது நேரம் மனதில் வைத்திருக்கும் நினைவு, தடுமாறியது. எலிகள் வளர்ந்த பிறகு அந்த மிகுதியை நிறுத்திப் பார்த்தார்கள். தடுமாற்றம் நீங்கவில்லை. வளரும் பருவத்திலேயே சேதம் நடந்து முடிந்திருந்தது.