சிப்பி பொறுக்கினா தப்பா பாஸ்?

காயல்பட்டினம் பீச்சுக்குப் போனா என்ன பண்ணுவோம்? காத்து வாங்குவோம், அரட்டை அடிப்போம், அப்படியே நாலு சிப்பி பொறுக்குவோம். இந்தச் சிப்பியை வெச்சே ஒருத்தர் சுமார் 40,000 காலேஜ் பசங்களை ஆட்டிப் பார்த்திருக்கார் தெரியுமா?

2000 மே மாதம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஒரு திறந்தவெளி மைதானம். ‘ஒன்டே’ என்ற மாணவர் கூட்டத்தில் ஜான் பைப்பர் என்ற போதகர் மைக் பிடிச்சார். சீக்கிரமே ரிட்டையர் ஆகி, ஃப்ளோரிடாவில் சிப்பி சேர்த்துப் பொழுதைப் போக்குற ஒரு தம்பதியைப் பத்திச் சொன்னார். கடவுள் கணக்கு கேக்கும்போது சிப்பியையா எடுத்து நீட்டுவீங்க? வாழ்க்கையை வீணடிக்காதீங்க! இதுதான் அவர் பேச்சோட சாரம். கூட்டம் ஆடிப் போச்சு.

அந்தப் பேச்சுக்குப் பின்னாடி இருந்தது ஒரு பழைய தத்துவம். 16-ம் நூற்றாண்டில் ஜெனீவாவில் வாழ்ந்த ஜான் கால்வினோட போதனை. மனுஷன் தானா நல்லவனாக முடியாது, யாருக்கு ரட்சிப்புன்னு தீர்மானிப்பது கடவுள் மட்டுமே... சிம்பிளா சொன்னா இவ்வளவுதான்.

நம்ம கரையிலும் கால்வின்!

இது நமக்கு என்னவோ ஃபாரின் சரக்குன்னு நினைச்சுடாதீங்க. 1658-லேயே இங்கே வந்து இறங்கிடுச்சு. போர்ச்சுக்கீசியர்களிடமிருந்து டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடிச்சப்போ, கூடவே வந்தவர் பிலிப்பஸ் பால்டேயஸ். கால்வின் வழி டச்சு சபையின் போதகர். வயசு 25 தான். எம்.இ. முடிச்ச நம்ம சீனியர் மாதிரி!

முத்துக்குளிக்கும் பரதவர்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். துறைமுகம், வியாபாரம், பீரங்கி எல்லாம் டச்சுக்காரங்க கையில். ஆனா நடக்கல. 1530-களிலேயே கத்தோலிக்கத்துக்கு வந்துட்ட அந்த மக்களுக்கு மாதாவும் கோயிலும் ஊர் வாழ்க்கையோட பின்னிப் போயிருந்துச்சு. டச்சுக்காரர்கள் இருக்கும்போதே, 1713-ல் பனிமய மாதா கோயில் எழும்பிடுச்சு. டச்சுக்காரர்கள் தங்களுக்குக் கட்டிய சர்ச் இன்னிக்கும் தூத்துக்குடி பீச் ரோட்டில் நிற்குது.

இயர்ஃபோன் வழியா வந்தது

பீரங்கியால இங்கே ஆகாததை, 350 வருஷம் கழிச்சு அமெரிக்காவில் எம்.பி.3 பண்ணிடுச்சு. பிரசங்கங்களை டவுன்லோட் பண்ணி ஹாஸ்டல் ரூம்ல கேட்டாங்க. பொழுதுபோக்கு மாதிரி ஆகிட்ட சர்ச்சில் சலிச்சுப் போன பசங்க, தடித்தடியான இறையியல் புத்தகங்களைத் தூக்கிட்டு அலைஞ்சாங்க. 2006-ல் காலின் ஹேன்சன் என்ற பத்திரிகையாளர் இந்த அலையைப் பத்தி எழுதினார். அதே வருஷம் நாலு போதகர்கள் சேர்ந்து லூயிவில் நகரத்தில் மாநாடு ஆரம்பிச்சாங்க. 2009-ல் ‘டைம்’ பத்திரிகை, உலகத்தை மாத்துற 10 ஐடியாக்களில் ‘புதிய கால்வினிச’த்துக்கு மூணாவது இடம் கொடுத்துச்சு. செம ஏறுமுகம்!

அப்புறம் விரிசல்

சியாட்டிலின் மார்ஸ் ஹில் சர்ச். ஜீன்ஸ், ராக் மியூசிக், அதிரடிப் பேச்சு... மார்க் டிரிஸ்கால்தான் ஹீரோ. 5 மாநிலங்களில் 15 கிளை. ஆனா கூட வேலை பார்த்தவங்களை மிரட்டுறார்னு புகார். அவர் புத்தகத்தை பெஸ்ட் செல்லர் பட்டியலில் ஏத்த ஒரு கம்பெனிக்கு சர்ச் பணம் போனதும் அம்பலமாச்சு. 2014 அக்டோபரில் ராஜினாமா செஞ்சார். அந்த வருஷ முடிவோட சர்ச்சே கலைஞ்சு போச்சு!

அடுத்தவர் ஜோஷுவா ஹாரிஸ். டேட்டிங்கே வேண்டாம்னு இருபதுகளின் தொடக்கத்தில் எழுதிய புத்தகத்தால் ஓவர்நைட்ல ஸ்டார் ஆனவர். அந்தப் புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம்னு 2018-ல் அவரே சொல்லிட்டார். 2019-ல், தான் இப்போ கிறிஸ்தவனே இல்லைன்னு அறிவிச்சார். அதை வேதவாக்கா நம்பி வளர்ந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

மிச்சம் இருந்தவங்களை அரசியல் பிரிச்சுது. 2018 ஏப்ரலில் ஒரு தரப்பு, மார்ட்டின் லூதர் கிங் நினைவா மெம்ஃபிஸில் நிறவெறி பத்தி மாநாடு நடத்திச்சு. செப்டம்பரில் இன்னொரு தரப்பு, சமூக நீதிப் பேச்சு நற்செய்தியைத் திசை திருப்புதுன்னு அறிக்கை விட்டுது. லூயிவில் மாநாடும் 2022-ல் முடிவுக்கு வந்துச்சு.

நமக்கு என்ன?

தத்துவம் சாகல. இன்னிக்கும் நிறைய பேர் அதை நம்புறாங்க, படிக்கிறாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லா மனுஷனுமே கோளாறுதான்னு சொல்ற கொள்கை அது. அதைச் சொன்னவங்களே, மேடையில் நிற்கிற ஒரு மனுஷனை மட்டும் கேள்வி கேக்காம விட்டுட்டாங்க!

பரதவ மக்களோட நம்பிக்கை நின்னதுக்குக் காரணம் ஒரு ஸ்டார் பேச்சாளர் இல்ல. பக்கத்து வீடு, பங்கு, திருவிழா, துக்கம்னு ஊரே சேர்ந்து அதைத் தாங்குச்சு. இயர்ஃபோன்ல வர்ற குரலுக்கு உங்களைத் தெரியாது. நீங்க அழுதா அது வந்து நிக்காது.

சாமியாரோ, மோட்டிவேஷன் ஸ்பீக்கரோ, அரசியல் தலைவரோ, யார் வேணா பேசட்டும். கேளுங்க. கூடவே ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. இவரைத் தட்டிக் கேட்க யாராவது இருக்காங்களா? நாளைக்கு இவர் விழுந்தா, என் கையில் மிச்சம் என்ன இருக்கும்?

பதில் கிடைக்கிற வரைக்கும் தாராளமா சிப்பி பொறுக்கலாம், தப்பே இல்ல!