வலி மாத்திரைச் செலவைக் குறைக்க

மூட்டுவலி மருந்துக்கு உதவி கேட்டு வருவோரிடம் நாங்கள் பார்க்கும் சீட்டுகளில் பெரும்பாலும் கம்பெனிப் பெயரே இருக்கிறது. விலை கூடுவது பெரும்பாலும் அந்தப் பெயரால்தான். மாத்திரை அட்டையில் அசெக்ளோஃபெனாக், பாரசிட்டமால் என்று மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் அச்சிட்டிருக்கும். அதே மருந்து மக்கள் மருந்தகத்திலும், 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மூலப்பெயரில் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் காட்டினால் அங்கு தரும் மருந்து இலவசம்.

ஒரு எச்சரிக்கை: பெயர் வேறானாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம், இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் சாப்பிட்டால் இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அந்த விலைக்கும் வாங்க இயலாதவர்கள் மருந்துச் சீட்டுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.